எக்ஸ்ரேல தெரியாத வலி

குதிகால் எலும்பு உடைஞ்சு, ஆபரேஷன் பண்ணி தகடு வச்சு பத்து மாசம் ஆச்சு மக்களே. எலும்பு சூப்பரா கூடிடுச்சு. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "இனி நீங்க ஓடவே செய்யலாம்"னுட்டார். ஓடறதை விடுங்க, ராத்திரி போர்வை சுண்டுவிரல்ல பட்டாலே தூக்கிவாரிப் போடுது.

பாதத்தோட வெளிப்பக்கம் பூரா மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரிச்சல். நடுநடுவுல கரண்ட் ஷாக். சொன்னா யார் நம்பறா? மேனேஜர், "ரிப்போர்ட் நார்மல்தானே?"ங்கறார். அம்மா, "அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதடா"ங்கறாங்க. ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நாமதான் சீன் போடறோமோன்னு.

இல்லீங்க. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நரம்பைக் காட்டாது. கணுக்காலோட வெளிப்பக்கமா சூரல்னு ஒரு தொடு உணர்ச்சி நரம்பு ஓடுது. தகடு வைக்க பெரும்பாலும் அறுக்கறதும் அந்தப் பக்கம்தான். கத்தி படணும்னுகூட இல்ல. நரம்பு இழுபட்டாலோ, தழும்புல மாட்டிக்கிட்டாலோ போதும். நம்ம பாஷையில சொன்னா, சர்வர் நல்லா இருக்கு, அலாரம் ஒயர்லதான் கோளாறு. அதுக்காக காதைக் கிழிக்கற சத்தம் பொய்யாகிடுமா?

இது புதுசும் இல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல குண்டடி பட்ட சிப்பாய்ங்க, காயம் ஆறின பிறகும் எரியுதுன்னு துடிச்சதை வெயர் மிட்செல்ங்கற டாக்டர் 1864-லயே எழுதி வச்சிட்டார். வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020-ல வலியோட வரையறையைத் திருத்தினப்ப, ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா அதை மதிக்கணும்னு குறிப்பே சேர்த்தாங்க.

நம்பாததால என்ன நஷ்டம்? நாலு மாசம் சாதாரண வலி மாத்திரையா முழுங்கினேன். நரம்பு வலி அதுக்கெல்லாம் அவ்வளவா மசியாது. வயிறு புண்ணானதுதான் மிச்சம். அப்புறம்தான் நரம்பு டாக்டர்கிட்ட போய் ப்ரீகாபலின் ஆரம்பிச்சேன். வலிப்பு நோய்க்கும் குடுக்கற மருந்து. நரம்பு ஓவரா சிக்னல் அனுப்பறதைக் குறைக்குது. முதல் வாரம் மீட்டிங்ல தூங்கி வழிஞ்சது தனிக்கதை. கூடவே பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி பஞ்சு, மெல்லிசு துணி, அப்புறம் சொரசொரப்பான துண்டுன்னு தினமும் பாதத்துல மெதுவா தேய்க்கறேன். தொடறதெல்லாம் ஆபத்து இல்லன்னு மூளைக்குப் பாடம் எடுக்கற வேலை.

வலி போயிடுச்சான்னா, இல்ல. பத்துக்கு எட்டா இருந்தது இப்ப நாலு. ராத்திரி தூங்கறேன், அது போதும்.

டாக்டர்களுக்கு ஒரே வேண்டுகோள். கையெழுத்து வாங்கறப்பவே, "நரம்பு வலி வரலாம், வந்தா உடனே சொல்லுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. என் நாலு மாசம் மிச்சமாகி இருக்கும்.

வீட்ல இருக்கறவங்களுக்கும்தான். அம்மா இப்பல்லாம், "இன்னிக்கு எத்தனைடா?"ன்னு கேக்கறாங்க. நம்பரைச் சொன்னா நம்பறாங்க.

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன், டாக்டர் இல்ல. மாத்திரைப் பேரைப் பார்த்துட்டு மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீங்க. சாப்பிடறவங்க திடீர்னு நிறுத்தவும் செய்யாதீங்க.