வார அறிக்கையில் விடுபடும் பாதி

செபி தலைவர் திரு. துஹின் காந்த பாண்டே அவர்களுக்கு,



வாரக் கடைசியில் வரும் சந்தை நிலவரச் செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். சென்செக்ஸ் எத்தனை புள்ளி ஏறியது, நிஃப்டி எங்கே முடிந்தது, தங்கம் பவுன் என்ன விலை என்பதெல்லாம் இருக்கும். பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் யீல்டு, அதாவது அன்றைய சந்தை விலையில் அதை வாங்கினால் கிடைக்கும் வருவாய் விகிதம், அந்த வாரம் என்ன ஆனது என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. ஓய்வுக்காலப் பணத்தைப் பத்திரங்களில் முதலிடும் கடன் ஃபண்டில் போட்டுவைத்திருப்பவருக்கு அந்த ஒரு எண்தான் செய்தியே. பத்திரிகைகளின் குறையை என்னிடம் சொல்வானேன் என்று நீங்கள் கேட்கலாம். ஃபண்ட் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் வாரக் குறிப்புகளும் இந்த லட்சணத்தில்தான் இருக்கின்றன. அவை உங்கள் கட்டுப்பாட்டில் உள்ளவை.

2025 ஜூன் முதல் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் ரெப்போ விகிதத்தை அரை விழுக்காடு குறைத்து 5.5 ஆக்கியது. சந்தையில் பலரும் எதிர்பார்த்திருந்தது கால் விழுக்காடுதான். போதாததற்கு வங்கிகளின் ரொக்க இருப்பு விகிதமான சி.ஆர்.ஆரையும் நான்கு தவணைகளில் 1 விழுக்காடு குறைப்பதாக அறிவித்தது. அன்று சென்செக்ஸ் 700 புள்ளிகளுக்கு மேல் ஏறி 82,000-ஐத் தாண்டி முடிந்தது. வட்டி இறங்கினால் பத்திர விலை ஏறும், ஆகவே அரசுப் பத்திரங்களில் முதலிடும் நீண்டகால கில்ட் ஃபண்டில் இருப்பவர்களுக்கு யோகம்தான் என்பது அப்போது எல்லோர் வாயிலும் இருந்த பாடம்.

நடந்தது வேறு. அதே அறிவிப்பிலேயே ரிசர்வ் வங்கி தன் கொள்கை நிலைப்பாட்டைத் தளர்விலிருந்து நடுநிலைக்கு மாற்றிக்கொண்டது. இனிமேல் வளர்ச்சிக்குக் கைகொடுக்க இடம் மிகக் குறைவு என்று ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ராவும் சொல்லிவிட்டார். பத்திரச் சந்தைக்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த குறைப்பு வராது என்று முடிவு கட்டி நீண்டகாலப் பத்திரங்களை விற்கத் தொடங்கினார்கள். பத்திர விலை இறங்கினால் யீல்டு ஏறும். ஆகஸ்ட் 15 அன்று ஜி.எஸ்.டி. குறைப்பு பற்றிப் பிரதமர் பேசியதும், வருவாய் குறைந்தால் அரசு கூடுதலாகக் கடன் வாங்குமோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. ஜூன் தொடக்கத்தில் 6.2 விழுக்காட்டை ஒட்டியிருந்த பத்தாண்டு யீல்டு, ஆகஸ்ட் கடைசியில் 6.5-ஐத் தாண்டிவிட்டது. நிதிச் செயலராக இருந்தவர் நீங்கள். இந்தக் கணக்கை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

யூனிட் வைத்திருப்பவருக்குத்தான் விளக்க வேண்டும், விளக்குவாரில்லை. யீல்டு மாறினால் விலை எவ்வளவு ஆடும் என்பதன் அளவுதான் டியூரேஷன். அது 10 உள்ள ஒரு ஃபண்டில் யீல்டு 0.3 விழுக்காடு ஏறினால், பத்திர விலை சுமார் 3 விழுக்காடு இறங்கும். அந்த மூன்று மாதத்தில் வட்டியாகச் சேர்வது ஒன்றரை விழுக்காடுபோல. ஆக, ரெப்போ குறைந்த செய்தியைப் படித்து மகிழ்ந்தவரின் என்.ஏ.வி., அதாவது யூனிட் மதிப்பு, வாங்கிய விலைக்குக் கீழே போயிருக்கும். ஏன் என்று அவர் யாரைக் கேட்பார்?

செபி சும்மா இருந்தது என்று நான் சொல்லவில்லை. 2020 ஏப்ரல் 23 அன்று ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் திட்டங்களை மூடியதையும், ஏறத்தாழ 25,000 கோடி ரூபாய் முடங்கியதையும் யாரும் மறக்கவில்லை. அதன் பிறகு கடன் ஃபண்டுகளின் பத்திரப் பட்டியல் 15 நாளுக்கு ஒருமுறை வெளியாகிறது. திட்டத்தின் அபாயத்தைக் காட்டும் ரிஸ்க்கோமீட்டரில் ஆறு நிலைகள் உள்ளன. 2021 டிசம்பரிலிருந்து ஒன்பது கட்டங்கள் கொண்ட அபாய அட்டவணையும் இருக்கிறது. எல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் பெரும்பாலும் கடன் வாங்கிய கம்பெனி பணத்தைத் திருப்பித் தருமா என்ற பயத்திலிருந்து பிறந்தவை. கில்ட் ஃபண்டில் அந்தப் பயம் கிடையாது. அங்கே இருப்பது வட்டி விகித அபாயம். அது அபாய அட்டவணையின் 'ஏ-III' என்ற குறியீட்டின் ரோமன் எண்ணுக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்துத் தன் பணம் எவ்வளவு ஆடும் என்று கண்டுபிடிக்கும் ஓய்வூதியர் ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. வாரம் ஒருமுறை, திட்டத்துக்கு நான்கு வரி, தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும், யூனிட் வைத்திருப்பவரின் கைப்பேசிக்கு வரவேண்டும். யீல்டு எங்கிருந்து எங்கே போனது, ஃபண்டின் டியூரேஷன் எவ்வளவு, என்.ஏ.வி. எவ்வளவு மாறியது, அதில் வட்டி வரவு எவ்வளவு, விலை மாற்றம் எவ்வளவு. பரிந்துரையோ நட்சத்திரக் குறியோ சிரிக்கும் குடும்பப் படமோ வேண்டாம்.

செலவுக்குப் பணம் ஏற்கெனவே இருக்கிறது. திட்டங்களின் சொத்து மதிப்பில் ஆண்டுக்கு 0.02 விழுக்காட்டை முதலீட்டாளர் விழிப்புணர்வுக்கு ஒதுக்க வேண்டும் என்பது செபியே போட்ட விதி. 70 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் நிர்வகிக்கும் ஒரு துறையில் அது ஆண்டுக்கு ஆயிரம் கோடியைத் தாண்டும். கிரிக்கெட் ஓவர்களுக்கு நடுவே வரும் விளம்பரங்களிலிருந்து கொஞ்சம் எடுத்தாலே போதும்.

வாராவாரம் சொன்னால் மக்கள் பதறிப்போய் பணத்தை எடுத்துவிடுவார்கள் என்று ஃபண்ட் நிறுவனங்கள் சொல்லக்கூடும். பங்கு ஃபண்டுகளின் ஏற்றத்தை நாள்தவறாமல் அனுப்பும்போது அவர்களுக்கு இந்தக் கவலை வந்ததாகத் தெரியவில்லை. எஃப் அண்ட் ஓ எனப்படும் பங்கு வழித்தோன்றல் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் மூன்று நிதியாண்டுகளில் நட்டப்பட்டதாக 2024இல் செபி ஒளிவுமறைவில்லாமல் எண்ணைப் போட்டு வெளியிட்டது. அந்த வெளிப்படையான பேச்சுதான் இங்கேயும் தேவை.

லிக்விட் ஃபண்டுகளுக்கு இது அவசியமில்லை, அவற்றில் ஆட்டம் குறைவு. கில்ட், நீண்டகால, டைனமிக் பாண்ட் ஃபண்டுகள் ஆகிய மூன்று வகைகளில் மட்டும் முதலில் ஆறு மாதம் நடத்திப் பார்க்க உத்தரவிடுங்கள். வரைவை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும்போது, அந்த வரைவு தமிழிலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கடன் ஃபண்ட் யூனிட் வைத்திருக்கும் ஒருவன்