உயரத்தை ஆண்டுதோறும் அளப்போம்

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் பந்தைத் துரத்திக்கொண்டிருந்த சிறுவன் லியோனல் மெஸ்ஸிக்குச் சுமார் 10 வயதில் வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருப்பது தெரியவந்தது. இரவுதோறும் ஊசி. அதைச் சிறுவனே தன் காலில் போட்டுக்கொண்டான். செலவு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. பார்சிலோனா கால்பந்து கிளப் அதை ஏற்றது.

பந்தாடத் தெரியாத பிள்ளைக்கு யார் பணம் கட்டுவார்கள்?

மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பிதான் இந்த ஹார்மோனைச் சுரக்கிறது. ஒரு காலத்தில் இறந்தவர்களின் சுரப்பியிலிருந்தே மருந்து எடுத்தார்கள். அதனால் சிலருக்கு உயிர்க்கொல்லி மூளைநோய் தொற்றியது தெரிந்ததும் 1985இல் அமெரிக்கா அதை நிறுத்தியது. அதே ஆண்டில் மரபணுத் தொழில்நுட்ப மருந்து வந்தது. இன்றும் விலைதான் சுவர்.

'போகப்போக வளர்ந்துவிடுவான்' என்று காத்திருப்பது இன்னொரு சுவர். பருவமடைந்த பின் எலும்பின் வளர்முனைகள் மூடிக்கொண்டால் ஊசியால் உயரம் கூடாது. 4 வயதுக்கு மேல் ஆண்டுக்கு 5 செ.மீ.கூட வளராத பிள்ளையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காரணம் ஊட்டக்குறைவாகவோ தைராய்டாகவோகூட இருக்கலாம். குள்ளமான எல்லோருக்கும் ஊசி தேவையில்லை.

பெரியவர்களையும் இந்தக் குறைபாடு விடுவதில்லை. பிட்யூட்டரிக் கட்டி, அதற்கான அறுவை, கதிர்வீச்சு, தலைக்காயம் ஆகியவற்றுக்குப் பின் ஓயாத சோர்வும் வயிற்றுக் கொழுப்பும் வரலாம், எலும்பு பலவீனமாகலாம். வயதாகிறது என்று அதைத் தள்ளிவிடுகிறோம்.

பள்ளிகள் ஆண்டுதோறும் உயரத்தை அளந்து, பதிந்து, சென்ற ஆண்டோடு ஒப்பிட வேண்டும். குறைபாடு உறுதியான பிள்ளைகளுக்கு அரசுக் காப்பீடு ஊசிச் செலவை முழுதாக ஏற்க வேண்டும்.