வைக்கோல் மட்க பாட்டில் மட்டும் போதாது

குறுவை அறுவடை முடிந்ததும் இயந்திரம் விட்டுச் சென்ற வைக்கோலும் அடித்தாளும் வயலில் கிடக்கும். தாளடி நடவுக்கு அதிக நாள் இருக்காது. தீ வைத்தால் ஒரே நாளில் வயல் சுத்தமாகிவிடும். ஆனால் வைக்கோலில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடும்.

இதற்கு மாற்றாகவே மட்க வைக்கும் நுண்ணுயிர்க் கரைசல்கள் வந்தன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'பயோமினரலைசர்', காஜியாபாத் தேசிய இயற்கை வேளாண்மை மையத்தின் 'வேஸ்ட் டீகம்போசர்', தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'பூசா டீகம்போசர்' ஆகியவை பலரும் அறிந்தவை. தில்லி அரசு 2020 முதல் பூசா கரைசலை வயல்களில் தெளிக்க ஏற்பாடு செய்தது. இருந்தும், ஒரு வயலில் பலன் தரும் கரைசல் இன்னொரு வயலில் தருவதில்லை என்ற குறை நீடிக்கிறது. நுண்ணுயிருக்குக் கிடைக்கும் தீனி இதற்கு முக்கியக் காரணம்.

நொதிக்குத் தழைச்சத்து

பாக்டீரியா வைக்கோலை அப்படியே உண்ண முடியாது. என்சைம் எனப்படும் நொதியைச் சுரந்து, வைக்கோலின் நார்ப்பொருளைச் சர்க்கரையாக உடைத்த பிறகே உறிஞ்சுகிறது. நொதி ஒரு புரதம். தழைச்சத்து இல்லாமல் அது உருவாகாது.

நெல் வைக்கோலில் கரிமச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 80:1. விரைவாக மட்க 25 முதல் 30:1 வரை இருப்பது நல்லது. ஒரு டன் உலர்ந்த வைக்கோலில் சுமார் 400 கிலோ கரிமம் இருந்தால், தழைச்சத்து 5 கிலோதான் இருக்கும். 30:1 அளவுக்குக் கொண்டுவர இன்னும் 8 கிலோ தேவை. யூரியாவில் கணக்கிட்டால் இது சுமார் 17 கிலோ. குப்பைக் குழியில் மட்க வைப்பவர்கள் இந்தக் குறையைச் சாணம், பசுந்தழை, கோழி எருவைக் கொண்டும் ஈடுகட்டலாம்.

வயலில் இந்தக் குறையை நிரப்பாவிட்டால், நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். நட்ட பயிர் வெளிறி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் அடித்தாளை மடக்கி உழும் முதல் உழவின்போது எக்டருக்கு 22 கிலோ, அதாவது ஏக்கருக்கு சுமார் 9 கிலோ யூரியா இட வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இதை நடவுக்குக் குறைந்தது 10 நாள் முன்பே முடிக்க வேண்டும். இந்த அளவு அடித்தாளுக்கு மட்டுமே. வைக்கோல் முழுவதையும் மடக்கி உழுதால் இது போதாது. உதிரி வைக்கோலைக் கட்டி எடுத்துவிட்டு, அடித்தாளை மட்டும் உழுவது நல்லது.

வெல்லம் எவ்வளவு?

வேஸ்ட் டீகம்போசருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ வெல்லம் கரைக்கச் சொல்கிறார்கள். வெல்லம் நுண்ணுயிரைப் பெருக்குகிறது. கூடுதலாகப் போட்டால் வேகம் கூடும் என்று நினைப்பது சரியல்ல. எளிதில் கிடைக்கும் சர்க்கரை மிகுந்திருந்தால் பேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் நாரை உடைக்கும் நொதியைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். சர்க்கரை தீர்ந்த பிறகே நாரின் பக்கம் திரும்பும்.

தழைச்சத்து எந்த வடிவில் கிடைக்கிறது என்பதும் முக்கியம். பேசில்லஸ் இனங்களில் நடந்த பல ஆய்வுகளில், யூரியா, அம்மோனியம் உப்புகளைவிடப் புரதம் நிறைந்த பொருள்களில் நொதி கூடுதலாகக் கிடைத்துள்ளது. இனத்துக்கு இனம் இது மாறும். நொதி தயாரிக்கும் ஆலைகள் தவிடு, சோயா மாவு, பிண்ணாக்கு போன்ற மலிவான பொருள்களை நாடுவதும் இதனால்தான். பூசா டீகம்போசர் பாக்டீரியா அல்ல, பூஞ்சைக் கலவை. ஆனாலும் அதிலும் வெல்லத்துடன் கடலை மாவு சேர்க்கச் சொல்கிறார்கள்.

பாட்டில் வழங்கும்போதே மூன்று விஷயங்களைக் களப்பணியாளர்கள் சொல்லிவிட வேண்டும்: தழைச்சத்துக்கு என்ன சேர்ப்பது, வயலில் ஈரம் காயாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, நடவுக்கு எத்தனை நாள் விடுவது. பூசா கரைசலுக்கே 20 முதல் 25 நாள் ஆகும். அவ்வளவு அவகாசம் இல்லாத வயலில் வைக்கோலைக் கட்டி வெளியேற்றுவதே சரியான முடிவு.