மந்தமாய்த் துடித்த இதயம்

மடவளையில் நம் அயல் வீட்டாரிடம் ஐந்து வயதுப் பெண் நாய் ஒன்று உண்டு. சென்ற மாதம் அது உணவை வெறுத்தது, வாந்தி எடுத்தது, இரண்டு நாளில் தேறிற்று. "எதையாவது தின்றிருக்கும்" என்று வீட்டார் இருந்துவிட்டனர். நாமும் அவ்வாறே சொன்னோம் என்பதை மறைப்பதற்கில்லை. பத்து நாட்களின் பின், ஒரு விடியற்காலையில் எழுந்து நிற்கமாட்டாது விழுந்தது. முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கட்டுகஸ்தோட்டை வழியாக மிருக வைத்தியரிடம் விரைந்தோம்.

அவர் அதன் தொடையின் உட்புறத்தில் விரல் வைத்து நாடியை எண்ணினார்; முகம் மாறியது. சோர்ந்து விழுந்த நாய்க்கு இதயம் விரைந்து துடிப்பதே இயல்பு. இதற்கோ நிமிடத்துக்கு 50 கூட இல்லை. அந்த முரண்பாடே நோயைக் காட்டிக் கொடுத்தது.

சிறுநீரகங்களின் அருகே அதிரீனல் என்னும் சிறு சுரப்பிகள் இரண்டு உள. அவற்றின் ஓமோன்களுள் ஒன்று, உடலிற் சோடியத்தை நிறுத்திப் பொற்றாசியத்தைச் சிறுநீருடன் வெளியேற்றுவது. சுரப்பி நலிந்தால் பொற்றாசியம் இரத்தத்தில் தேங்கும். தேங்கவே இதயத்தின் மின்னோட்டம் தடுமாறும், துடிப்பு மந்தமாகும், நின்றுவிடவும் கூடும். மனிதரில் இந்நோயை 1855இல் விவரித்தவர் இலண்டன் வைத்தியர் தோமஸ் அடிசன். நாயின் நோய்க்கும் அவர் பெயரே வழங்குகிறது. வயிற்றுக் கோளாறு போலத் தோன்றி, வந்து வந்து மறைவதே இதன் சூது.

இரத்தப் பரிசோதனை ஐயத்தை உறுதியாக்கிற்று. சேலைன் ஏற்றினர், இதயத்தைக் காக்கக் கல்சியமும் மெல்லச் செலுத்தினர். மாலையில் நாய் தலை தூக்கிற்று. இனி ஆயுள் முழுவதும் மருந்து வேண்டும். மாதச் செலவைக் கேட்ட வீட்டுத் தலைவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு இளைய மகளின் முகத்தைப் பார்த்தார், சம்மதித்தார்.

தைரொயிட்டுச் சுரப்பி மந்தித்தாலும் நாயின் இதயம் தளரும். உடல் பருக்கும், மயிர் உதிரும். அதிரீனல் மிகையாய்ச் சுரந்தாலோ இரத்த அழுத்தம் ஏறும். ஓயாது தண்ணீர் குடிக்கும். இன்னொன்று: சொறிக்கென்று பிரெட்னிசொலோன் வில்லைகளை வாரக்கணக்கிற் கொடுத்துவிட்டுத் திடீரென நிறுத்துவோர் உண்டு. உறங்கிப்போன சுரப்பி உடனே விழித்தெழாது. வைத்தியரைக் கேட்டுப் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

நாடி பார்ப்பது கடினமன்று. ஓய்விலிருக்கும் நாயின் தொடையில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குக. உருவத்துக்கேற்ப 60 முதல் 140 வரை இருக்கலாம். அயல் வீட்டுச் சிறுமி மாலைதோறும் எண்ணித் தன் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வருகிறாள். சென்ற ஞாயிறன்று நம்மிடம் காட்டினாள்: 88.