படத்தில் வால் அறுந்த பெயர்கள்

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்ந்ததை அன்பர்கள் சிலர் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். வரவு செலவை வெறும் எண்களாக வாசித்தால் அவையோர் கொட்டாவி விடுகின்றனரே என்றெண்ணி, அதனை எக்செல் தாளில் இட்டுப் பட்டைப் படமாக்கித் திரையில் காட்டும் பொறுப்பை நாம் வலிய ஏற்றுக்கொண்டோம். படம் அழகாகவே அமைந்தது. பெயர்கள்தாம் கெட்டன.

செலவினங்களுள் இரண்டு, "ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியைக்கான மதிப்பூதியம்" என்றும், "ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியைக்கான பேருந்துக் கட்டணம்" என்றும் கணக்கேட்டில் உள்ளவை. முன்னது ஆண்டுக்கு ரூ. 36,000, பின்னது ரூ. 4,200. நின்ற பட்டைகளின் அடியில் இத்துணை நீண்ட பெயர்களுக்கு இடம் ஏது? எக்செல் அவற்றைச் சாய்த்துப் பார்த்தது. சாய்த்தும் அடங்காமையால் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிட்டது. திரையில் அருகருகே இரு பட்டைகள், இரண்டின் கீழும் "ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரி..." என்ற ஒரே பெயர்!

பொருளாளர் "பேருந்துக் கட்டணம்" என்று வாசித்த வேளையில் ஓர் உறுப்பினரின் பார்வை உயர்ந்த பட்டையின்மீது நின்றது. "பேருந்துக்கா இவ்வளவு?" என்று எழுந்து கேட்டார். அவையில் நகைப்பொலி எழுந்தது. ஆசிரியை மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார். பொருளாளர் விளக்கம் கூறி முடிப்பதற்குள் பேச்சு வேறு திசையிற் சென்றுவிட்டது. அடுத்த ஞாயிறன்று அவ்வம்மையார் வழக்கம்போல் வகுப்புக்கு வந்தார். ஓராண்டுப் பேருந்துச் சீட்டுகளை நூலிற் கோத்துக் கொணர்ந்து நம் மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பாடத்தைத் தொடங்கினார்.

பிழை முற்றிலும் நம்முடையது. அன்றிரவே அமர்ந்து ஆராய்ந்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. நம் மொழியில் அடைகள் முன்னே வரும். பொருளைத் தாங்கும் சொல் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் "ஹானரேரியம்" என்ற சொல்லே முதலில் வந்திருக்கும்; பின்பகுதி போனாலும் பெருங்கேடில்லை. தமிழிலோ வாலை வெட்டுவது தலையை வெட்டுவதாகும்.

ஆகவே முதல் வேலை, பெயரைச் செப்பனிடுவதே. எல்லாப் பட்டைக்கும் பொதுவான சொற்களைப் படத்தின் தலைப்புக்கு ஏற்றிவிட வேண்டும். "ஞாயிறு தமிழ் வகுப்புச் செலவுகள்" என்று மேலே எழுதிவிட்டால், கீழே "மதிப்பூதியம்", "பேருந்து", "பாடநூல்" என்பவை போதும். ஆனால் கணக்கேட்டின் பெயர்களில் கை வைத்தல் கூடாது, தணிக்கையாளர் கேட்பார். அருகில் "படப்பெயர்" என்று தனியே ஒரு பத்தி அமைத்து, "செலக்ட் டேட்டா" என்னும் இடத்தில் அச்சுப் பெயர்களுக்கு அப்பத்தியைக் காட்டிவிடலாம்.

சுருக்கெழுத்து இடலாகாதோ என்று ஓரன்பர் கேட்டார். இரயில்வேயில் அது பழைய மருந்துதான். சென்னை மத்திய நிலையத்தின் பெயர் 2019-ஆம் ஆண்டில் "புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் மத்திய இரயில் நிலையம்" என்று நீண்டது, நம் அலுவலகத் தாள்களில் இன்றும் அது "எம்.ஏ.எஸ்." என்ற மூன்றெழுத்தே. ஆயினும் அது நாள்தோறும் எழுதுவோர்க்கே விளங்கும். சங்கக் கூட்டத்தில் "ஞா.த.வ.ஆ.ம." என்று காட்டினால் பஞ்சாங்கம் என்றே எண்ணுவர்.

பெயரைச் சுருக்கிய பின்னும் நீளமாயிருப்பின், பட்டைகளைப் படுக்கவைக்க வேண்டும். "பார்" வகையைத் தேர்ந்தால் பெயர்கள் இடப்புறத்தில் நேராக நிற்கும். கழுத்தைச் சாய்த்துப் படிக்க வேண்டா. இதில் ஒரு குறும்பு உண்டு: தாளில் முதலில் உள்ளது படத்தில் அடியில் வந்துவிடும். "ஃபார்மட் ஆக்சிஸ்" பகுதியில் "கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்" என்பதைக் குறியிட்டால் வரிசை நேராகும். உடனே எண்கள் மேலே ஏறிக்கொள்ளும். அவை கீழே வேண்டுமாயின் "அட் மேக்சிமம் கேட்டகரி" என்பதையும் தேர்ந்திடுக. மாத வாரியான கணக்குக்கு மட்டும் நின்ற பட்டைகளே நன்று. மாதப் பெயர்கள் குறுகியவை, காலம் இடமிருந்து வலமாகச் செல்வதே கண்ணுக்குப் பழக்கம்.

வெட்டுவதினும் கொடிது, விழுங்குவது. இடம் போதாதபோது எக்செல் சில வேளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பெயர்களை மறைத்துவிடும். பட்டை இருக்கும்; பெயர் இராது. "லேபிள்ஸ்" பகுதியில் "ஸ்பெசிஃபை இன்டர்வல் யூனிட்" என்பதில் 1 என்று இட்டால் எல்லாப் பெயர்களும் தோன்றும்.

நீண்ட தொகைச் சொற்களில் இன்னொரு தொல்லை. இடைவெளி உள்ள இடத்தில்தான் வரி மடியும். "மதிப்பூதியம்" போன்றவை மடியா. நாம் விரும்பும் இடத்தில் வரியை முறிக்க, அறையினுள் ஆல்ட் விசையை அழுத்தியவாறே என்டரைத் தட்டுக. படமும் அவ்வாறே காட்டும். எழுத்தைச் சிறிதாக்குவதை மட்டும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. குறிலின் சுழியும் நெடிலின் சுழியும் ஒன்றாய்த் தெரியத் தொடங்கினால், பின்வரிசையிலுள்ள பெரியவர்கள் என் செய்வர்?

திருத்திய படம் சங்க நூலகக் கதவில் ஒட்டப்பட்டுள்ளது. மதிப்பூதியம் முதற்பட்டை, பேருந்து, அதனினும் மிகக் குறுகியதாய், கடைசியில். சீட்டுக் கோவை இன்னும் நம் மேசை இழுப்பறையிலேயே உள்ளது. அதனைத் திருப்பித் தர நமக்கு இன்னும் துணிவு பிறக்கவில்லை.