முதுமலைக்குப் போகிறீர்களா?

முழுப் பரீட்சை முடிந்ததும் "ஊட்டி போகலாம்மா" என்று பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்துவிடும். போங்கள். ஆனால் ஊட்டியில் தங்கிக்கொண்டு, முதுமலையை ஒரு பகலில் பார்த்துத் திரும்பலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள், சகோதரிகளே. மிருகங்கள் பெரும்பாலும் வெளியே வருவது விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும்தான். நடுப்பகலில் போனால் குரங்கைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்! இரண்டு ராத்திரி மசினகுடியிலோ கூடலூரிலோ தங்குங்கள். ஊட்டிக் குளிர் அங்கே இல்லை. மெல்லிய ஸ்வெட்டர் போதும்.

எங்கள் திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் மேட்டுப்பாளையம். அப்புறம் பஸ். 2024 மே முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர்க் கார், வேன்களுக்கு இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. காரில் போகிறவர்களிடம் "கல்லட்டி வழி குறுக்கு" என்பார்கள். 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்து இறக்கம், வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வேறு. சுற்றானாலும் கூடலூர் வழிதான் குழந்தைகளுக்கு நல்லது.

மலை ஏறுமுன் பிள்ளைகளுக்கு வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் வழக்கம்போல். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. நம் எவர்சில்வர் கூஜாவை வெளியே எடுங்கள்! முதல் நாளுக்குப் புளியோதரை கட்டினால் போதும். மூன்று நாளைக்கும் ஸ்டவ்வும் பாத்திரமும் சுமந்தால் உங்களுக்கு ஏது லீவு?

தெப்பக்காட்டில் வனத்துறை வேன் காலை, மாலை காட்டுக்குள் போகும். முன்பதிவு செய்துகொண்டு, முதல் நடைக்கே போங்கள். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் உடை வேண்டாம், சென்ட்டும் வேண்டாம். பக்கத்திலேயே யானை முகாம். ராகி, கொள்ளு, வெல்லம் சேர்த்த கவளத்தை யானைக்கு ஊட்டுவதைப் பார்த்தால், சாப்பிட அடம்பிடிக்கும் வாண்டுகள்கூட வாய் திறக்கும். 2023இல் ஆஸ்கார் வாங்கிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' படம் இந்த முகாமில் எடுத்ததுதான்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. காட்டுச் சாலையில் "குழந்தைக்கு ஒண்ணுக்கு வருது" என்று வண்டியை நிறுத்தி இறங்கக்கூடாது. புதருக்குப் பின்னால் யானை நின்றாலும் தெரியாது. கிளம்புமுன்பே எல்லோரையும் பாத்ரூம் அனுப்பிவிடுங்கள். குரங்குக்குத் தின்பண்டம் நீட்டவும் விடாதீர்கள். இருட்டுமுன் அறைக்குத் திரும்பிவிடுங்கள். அங்கிருந்து மைசூர் போவதானால் இன்னொன்று: பந்திப்பூர் சாலை ராத்திரி 9 மணி முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.