லயம் இடிந்தால் நட்டஈடு யாருக்கு?

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. இரவில் அடைமழை பெய்தால் எமது லயங்கள் பலவற்றில் இன்றும் யாரும் கண் மூடுவதில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பியபோது வீடு இருந்த இடமே தெரியவில்லை. புதையுண்ட பலரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. 2016 இல் பூனாகலையில் புதிய வீடுகள் கையளிக்கப்படும் வரை, தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் முடங்கிக் கிடந்தார்கள்.

அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, மாற்றுக் காணி வரவில்லை. போக இடமில்லாதவனை எழும்பிப் போ என்றால் எங்கே போவான்?

2016 இல் அரசாங்கம் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டமொன்றைக் கொண்டு வந்தது. வெள்ளத்தாலோ மண்சரிவாலோ வீடும் பொருட்களும் சேதமடைந்தால் 25 இலட்சம் ரூபா வரை நட்டஈடு என்றார்கள். காப்புறுதிக் கட்டணத்தை அரசே செலுத்தியது. திட்டம் நல்லதுதான். ஆனால், நட்டஈடு கேட்டுப் போகும் எவரிடமும் முதலில் கேட்கப்படுவது "வீடு யாருடைய பெயரில் இருக்கிறது?" என்பதே. மூன்று நான்கு தலைமுறையாக ஒரே காம்பராவில் வாழ்ந்தாலும் எம்மிடம் உறுதிப்பத்திரம் இல்லை. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, லயம் தோட்டத்தினுடையது. மழையில் இடிந்து விழும் சுவர் மட்டும் எங்களுடையது.

காப்புறுதி எமது மக்களுக்குப் புதிதல்ல. தோட்டங்களில் நாம் நடத்தும் மரண உதவிச் சங்கமும் ஒரு காப்புறுதிதான். மாதா மாதம் எல்லோரும் கொஞ்சம் போடுகிறோம், ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக்குக் கொடுக்கிறோம். ஒரு வீடு விழுந்தால் மற்ற வீடுகள் தாங்கும். முழு லயமே ஒரே இரவில் போனால்? பணம் போட வேண்டியவர்களும் பணம் தேவைப்படுபவர்களும் ஒரே ஆட்களாகிவிடுவார்கள். அதனால் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தாலும் ஒரு தோட்டம் தனியாக மண்சரிவைத் தாங்க முடியாது. சுமையை நாடு முழுவதும் பகிர வேண்டும்.

ஆகவே கம்பனிகளிடம் நாம் கேட்பது இது. தொழிற்சாலைக்கும் இயந்திரத்துக்கும் காப்புறுதி எடுப்பவர்கள், தங்கள் சொத்தென்று சொல்லும் லயங்களுக்கும் எடுக்கட்டும். அந்தப் பணம் உள்ளே வாழ்ந்த குடும்பத்துக்கே போக வேண்டும் என்பது கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்படட்டும். அரசாங்கத்திடம் கேட்பது பழைய கோரிக்கைதான்: பாதுகாப்பான இடத்தில் 7 பேர்ச்சஸ் காணி, அதற்கு உறுதிப்பத்திரம். காப்புறுதி மலையைத் தாங்கிப் பிடிக்காது. ஆபத்தான சரிவில் மக்களை இருக்க விட்டுவிட்டு, செத்த பின் காசு தருகிறோம் என்பதை எமது சங்கம் ஏற்காது.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சம்பளத் துண்டு எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் போட்டு, தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் வையுங்கள். வீட்டையும் சாமான்களையும் போனில் படம் எடுத்து வேறு ஊரில் இருக்கும் உறவினருக்கு அனுப்பி வையுங்கள். சொந்தக் காசில் கட்டிய குசினி, மாட்டுப்பட்டி, மரக்கறித் தோட்டத்தையும் படம் எடுங்கள். பலர் இவற்றைச் சேதப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. சேதம் நடந்தால் துப்புரவாக்கும் முன்பே கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து, எழுத்தில் பதிவு வாங்குங்கள். "துரை பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிட வேண்டாம்.

இன்னொன்று. ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் அங்கத்தவர் இறந்தால் குடும்பத்துக்குக் காப்புறுதிப் பணம் உண்டு. தோட்ட நிர்வாகம் உங்கள் பெயரில் 3 வீதத்தை ஒழுங்காகக் கட்டுகிறதா என்று தலைவர்மார் ஒவ்வொரு தோட்டத்திலும் விசாரிக்க வேண்டும்.

மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். இதைத் தமிழில் எழுதி ஒவ்வொரு பிரட்டுக் களத்திலும் ஒட்டும்படி தோட்டக் கமிட்டிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. லயத்துக்கு மேலே நிலம் வெடித்திருந்தாலும், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலும், விடியும் வரை காத்திருக்காமல் அழையுங்கள்.